25 லிட்டர் வாட்டர் சாஃப்ட்னர்: ஆட்டோமேட்டிக்கை விட மேனுவல் ஏன் மேல்

கோவைப் பக்கத்து வீடுகளில் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று இரண்டு கணக்கு உண்டு. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி, பில்லூர் அணைத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்பது. உப்புத் தண்ணி என்றால் போர்வெல். குளியல், துணி, கீசர், வாஷிங் மெஷின், கழிப்பறை எல்லாம் அதன் தலையில். இந்த இரண்டாவது தண்ணீருக்காகத்தான் ஊரெங்கும் சாஃப்ட்னர் விற்கிறார்கள்.

இங்கே எடைபோடுவது ஒரு பிராண்டை அல்ல. தனி வீடுகளுக்கென்று விற்கப்படுபவற்றில் பல ஒரே கூட்டுதான்: 10 அங்குல விட்டமும் 54 அங்குல உயரமும் உள்ள எஃப்ஆர்பி (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) உருளை, உள்ளே 25 லிட்டர் ரெசின் என்ற சிறு பிளாஸ்டிக் மணிகள், தலையில் ஒரு வால்வு, பக்கத்தில் ஒரு உப்புத் தொட்டி. மேலே ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் மாறும். ரெசின் சொன்ன வேலையைச் செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆறே மாதத்தில் ‘இது சரியில்லை, காசு போச்சு’ என்று மூலையில் நிற்கும் சாஃப்ட்னர்களுக்கெல்லாம் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். அளவு தப்பு, இல்லையென்றால் வைத்த இடம் தப்பு.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. நாம் ‘உப்புத் தண்ணி’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நோயைச் சொல்கிறோம். ஒன்று நாக்கில் தெரியும் கரிப்பு. அது சோடியம் குளோரைடு. மற்றது கடினத்தன்மை, அது கால்சியமும் மக்னீசியமும். குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டுவது, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவது, கீசர் காயிலில் ஓடு பிடிப்பது, பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் நிற்பது, இட்லிப் பானை அடியில் சுண்ணாம்புப் படிவம் ஏறுவது இவையெல்லாம் இரண்டாவதன் வேலை. சாஃப்ட்னர் இந்த இரண்டாவதை மட்டுமே எடுக்கும். கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். ரெசின் நிரம்பியதும் உப்புநீர் விட்டுக் கழுவினால் மறுபடி பிடிக்கும். கரிக்கும் தண்ணீர் சாஃப்ட்னருக்குப் பிறகும் கரிக்கும். ‘டேஸ்ட் மாறவே இல்லை’ என்று திட்டுவதில் பொருளில்லை. அந்த வேலைக்கு வேண்டியது ஆர்ஓ.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவு) மீட்டரோடு வந்து, பேனா மாதிரி ஒன்றைத் தம்ளரில் முக்கிக் காட்டி விற்பவரிடம் கவனமாக இருங்கள். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. அதில் வரும் எண்ணில் கால்சியம் எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாஃப்ட்னர் நன்றாக ஓடினாலும் டிடிஎஸ் இறங்காது, கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். 40 எடையுள்ள ஒரு கால்சியத்தை எடுத்துவிட்டு 46 எடையுள்ள இரண்டு சோடியத்தைக் கொடுக்கிறது என்றால் ஏறாமல் என்ன செய்யும்?

அளக்க வேண்டியது மொத்தக் கடினத்தன்மை. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். கடைப் பேச்சில் பிபிஎம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 (2012) இதற்கு 200-ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600-ஐ உச்சமாகவும் வைத்திருக்கிறது. மாவட்டங்களில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். சாஃப்ட்னர் வாங்குவதாக இருந்தால் வீட்டிலும் ஒரு சொட்டு எண்ணும் கிட் இருக்க வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. மாதிரித் தண்ணீரில் பஃபர் சொட்டுகளும் நிறமியும் போட்டால் கடின நீர் ஒயின் சிவப்பாகும். பிறகு கிட்டில் உள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க, ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். சொட்டுகளின் எண்ணிக்கையைத் தாளில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டியதுதான். நிறமி போட்டவுடனே நீலமாக வந்தால் அது மென்னீர். சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்பதை அரை நிமிடத்தில் சொல்லும் பரிசோதனை இதுதான்.

கிட் இல்லாதபோது இரண்டு பாட்டில் போதும். ஒன்றில் 200 மில்லி போர் தண்ணீர், இன்னொன்றில் 200 மில்லி மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவல் போட்டு 20 தடவை குலுக்குங்கள். ஷாம்புவும் டிடர்ஜென்டும் கூடாது, அவை கடின நீரிலும் நுரைக்கும். மழைநீர் பாட்டிலில் நுரை நிற்கும், கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும். போர் தண்ணீர் பால்போல் கலங்கித் தயிர்த்திரி மிதக்கும். அதே போர் தண்ணீரை 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி மறுபடி குலுக்கிப் பாருங்கள். நுரை கூடினால் உங்கள் தண்ணீரில் கொதித்தால் நீங்கும் தற்காலிகக் கடினத்தன்மை அதிகம். கீசருக்கும் கெட்டிலுக்கும் அதுதான் எமன். கூடாவிட்டால் சல்பேட், குளோரைடு வகை. சாஃப்ட்னர் இரண்டையும் எடுக்கும்.

இனி அளவு. விளம்பரத் தாளில் ‘ஓபிஆர் 5000 லிட்டர்’ என்று போட்டிருப்பார்கள். ஒரு தடவை உப்பு ஏற்றினால் அடுத்த தடவை வரை கிடைக்கும் தண்ணீர் அது. எந்தக் கடினத்தன்மைக்கு 5000 என்பது பொடி எழுத்தில் இருக்கும், சில தாளில் இருக்கவே இருக்காது. நாமே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 25 லிட்டர் ரெசினுக்கு 4 கிலோ உப்புக் கொடுத்தால் ஏறக்குறைய 1400 கிராம் கடினத்தைப் பிடிக்கும். தண்ணீர் 300 பிபிஎம் என்றால் சுமார் 4600 லிட்டர் வரும். 600 என்றால் 2300. ஆயிரம் என்றால் 1400 லிட்டர்தான். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 540 லிட்டர். ஆக 600 பிபிஎம் தண்ணீருக்கு நான்கு நாளுக்கொரு முறை 4 கிலோ, மாதம் 30 கிலோ உப்பு. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள்.

உப்பைக் கூட்டிப் போட்டால் அதே விகிதத்தில் பலன் கூடாது. இரண்டரைக் கிலோவுக்கு 1150 கிராம் வரை பிடிக்கும் ரெசின், 6 கிலோ கொட்டினால் 1700-ஐத்தான் எட்டும். மிச்ச உப்பு சாக்கடைக்கு. இடம் இருந்தால் ரெசினைக் கூட்டி உப்பைக் குறைப்பதே சிக்கனம். பொருத்த வரும்போது ரெசின் மூட்டையை உங்கள் கண்முன் பிரித்துக் கொட்டச் சொல்லுங்கள். ரெசின் பொதுவாக 25 லிட்டர் மூட்டையாகவே வரும். 54 அங்குல உருளையைப் பார்த்தால் நிறைந்திருப்பதுபோலத் தோன்றும், ஆனால் மேல்பாதி காலியாகத்தான் இருக்க வேண்டும். பின்னோட்டத்தில், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டுக் கழுவும்போது, ரெசின் மேலெழும்ப அந்த இடம் தேவை. கண்ணுக்குத் தெரியாத இந்தக் காலியிடம்தான் குறைத்துப் போடுபவருக்கு வசதி.

இப்போது ஆட்டோமேட்டிக், அதாவது தானே கழுவிக்கொள்ளும் வால்வின் விவகாரம். கோளாறுகளின் தாயகம் இது.

உப்புத் தண்ணீரை ரெசினுக்குள் இழுப்பது மோட்டார் அல்ல, வால்வுக்குள் இருக்கும் எஜெக்டர். அதன் நுண்துளையில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது பக்கக் குழாயில் உறிஞ்சல் உண்டாகி உப்புநீர் வருகிறது. இதற்கு ஒன்றரை முதல் இரண்டு பார் அழுத்தம் வேண்டும். மொட்டைமாடித் தொட்டி குளியலறைக் குழாய்க்கு 4 மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.4 பார், 10 மீட்டருக்கு ஒரு பார் என்பதே கணக்கு. ஆக, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் வைத்த ஆட்டோமேட்டிக் சாஃப்ட்னர் தண்ணீரை விடும், ஆனால் உப்பை இழுக்காது. முதல் நான்கு நாள் பிரமாதமாக நுரைக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பழைய கதை. உப்புத் தொட்டியில் மட்டம் இறங்கவே இறங்காது.

சரி, சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றும் லைனில் வைத்தால்? அழுத்தம் கிடைக்கும். ஆனால் ஆட்டோமேட்டிக் வால்வு கம்பெனியிலிருந்து வரும்போதே அதிகாலை 2 மணிக்குத் தன்னைக் கழுவிக்கொள்ளும்படி நேரம் வைத்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் மோட்டார் தூங்கிக்கொண்டிருக்கும். வால்வு கடமையாக எல்லா நிலைகளுக்கும் திரும்பிவிட்டு, ‘முடிந்தது’ என்று காட்டும். தண்ணீர் ஓடவில்லை, உப்பு ஏறவில்லை. நேரத்தை மட்டும் பார்க்கும் பழைய மெக்கானிக்கல் டைமர்களில் இன்னொரு தொல்லை: ஒவ்வொரு மின்வெட்டுக்கும் கடிகாரம் பின்தங்கி, 2 மணி கழுவல் மெல்ல நகர்ந்து காலைக் குளியல் நேரத்துக்கு வந்து நிற்கும். கழுவும்போது வால்வு கடின நீரை அப்படியே வீட்டுக்குள் விடும்.

பிரஷர் பம்ப் போட்டு எந்நேரமும் அழுத்தத்தோடு ஓடும் வீடா? அப்படியானால் ஆட்டோமேட்டிக் சரி. அதிலும் ஓடிய லிட்டரை அளக்கும் மீட்டர் வகையை மட்டும் வாங்குங்கள். சம்ப், மோட்டார், மாடித் தொட்டி என்ற வழக்கமான தமிழ்நாட்டு வீட்டுக்குக் கையால் நிலை மாற்றும் மேனுவல் மல்டிபோர்ட் வால்வுதான் பொருத்தம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக உப்பு ஏறியது என்பது நிச்சயம், ரிப்பேருக்குச் சர்க்யூட் போர்டும் இல்லை.

மோட்டார் லைனில் வைக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்துவது முக்கியம். 25 லிட்டர் ரெசின் தாங்குவது மணிக்கு 1000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 16-17 லிட்டர். போர் மோட்டார் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தள்ளலாம். அந்த வேகத்தில் தண்ணீருக்கும் ரெசினுக்கும் தொடர்பு போதாமல் கடினம் கசிந்து வெளியே வரும். ஆகவே போர் மோட்டாரிலிருந்து நேராக வேண்டாம். போர் தண்ணீர் சம்ப்பில் விழட்டும், மண் அடியில் தங்கட்டும். சம்ப்பிலிருந்து ஏற்றும் அரை எச்பி மோட்டாரின் வெளிக்குழாயில் ஒரு டீ (மூவழி இணைப்பு) போட்டு, ஒரு கிளையைக் கேட் வால்வோடு சம்ப்புக்கே திருப்பி விடுங்கள். அந்த வால்வைத் திருகி, மாடியில் ஒரு 15 லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடம் ஆகும்படி வைத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது ‘தண்ணி மெதுவா ஏறுது’ என்று திறந்துவிடுவார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதனால் என்ன.

சாஃப்ட்னருக்கு முன்னால் 20 மைக்ரான் ஃபில்டர் ஒன்று. பின்னால் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். மோட்டார் நின்றதும் மாடிக்குழாய்த் தண்ணீர் பின்னோக்கி இழுத்தால் உருளைக்குள் வெற்றிடம் உண்டாகும். எஃப்ஆர்பி உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும், வெற்றிடத்தைத் தாங்காது. இதோடு சாஃப்ட்னரைத் தொடாமல் தண்ணீர் போக, மூன்று பால் வால்வு வைத்து ஒரு பைபாஸ். தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் தனி லைன் பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. சுமை குறைந்து உப்புச் செலவும் இறங்கும்.

கழுவும் முறை. முந்தின இரவே உப்புத் தொட்டியில் 11 லிட்டர் தண்ணீரில் 4 கிலோ கல்லுப்பைப் போட்டு ஊறவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 360 கிராம் உப்பைத்தான் கரைக்கும், ஆகவே இதற்குக் குறைந்த தண்ணீர் வைத்தால் அடியில் உப்பு மிஞ்சும். மறுநாள் மோட்டாரைப் போட்டு, வால்வைப் பின்னோட்டத்துக்குத் திருப்பி 10 நிமிடம், வடிகால் தண்ணீர் தெளியும்வரை. வேகம் நிமிடத்துக்கு 8-10 லிட்டர் போதும். அதிகமானால் ரெசின் எழும்பி வடிகாலோடு போய்விடும். வடிகால் வாயில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிப் பாருங்கள், கசகசா போலப் பழுப்பு மணிகள் சிக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்தது உப்பு நிலை. 15-20 நிமிடத்தில் உப்புநீர் உள்ளே போய்விட வேண்டும், அதன்பின் அதே நிலையில் மெதுவான அலசல் இன்னும் 20 நிமிடம். அவசரப்பட்டு இதைச் சுருக்கினால் மற்ற எல்லாம் வீண். கடைசியில் வேக அலசல் 10 நிமிடம். வடிகால் நீரில் நிறமி போட்டதும் நீலமாக வந்து, கூடுதல் கரிப்பும் போயிருந்தால் சர்வீஸ் நிலைக்குத் திருப்பலாம். நிலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள், ஓடும்போது திருப்பினால் உள் வாஷர் கிழியும். முழுக் கழுவலுக்குச் சுமார் 250 லிட்டர் தண்ணீர் போகும். 2300 லிட்டர் மென்னீருக்கு இந்த விலை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடுகள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

உப்புநீர் இறங்கவில்லையா? எஜெக்டர் துளையில் மண் அடைத்திருக்கும், உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்று இழுக்கும், அல்லது வடிகால் குழாயை உயரத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உப்பில் சிக்கனம் பார்க்கலாம், ஆனால் உப்பளத்திலிருந்து நேராக வரும் மண்படிந்த மூட்டை வேண்டாம். தூத்துக்குடிக் கல்லுப்பு தாராளம். கழுவிய, வெள்ளையான ரகமாகப் பாருங்கள். கழுவாத உப்பில் சேறோடு கால்சியம், மக்னீசியமும் ஒட்டியிருக்கும். எதை எடுக்க உப்புப் போடுகிறோமோ அதையே திரும்ப ஏற்றுவதாகும். அயோடின் சேர்த்த தூள் உப்பு கட்டியாகி இறுகும். மாத்திரை உப்பு சுத்தமானது, விலையும் அதற்கேற்ப.

ரெசினைக் கெடுப்பதில் முதலிடம் இரும்புக்கு. புதிதாக இறைத்த போர் தண்ணீரை வாளியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் செம்மஞ்சள் படிந்தால் இரும்பு உண்டு. அதை முதலில் எடுக்காமல் சாஃப்ட்னர் வைத்தால் ரெசின் துருவேறிப் பிடிமானம் இழக்கும். இரண்டாவது, சம்ப்பில் கொட்டும் பிளீச்சிங் பவுடர். அதிகக் குளோரின் ரெசினை உப்பவைத்துக் கூழாக்கும். சம்ப்பைச் சுத்தம் செய்யும் நாளில் பைபாஸில் போட்டுவிடுங்கள்.

கழுவிய உப்புநீரை எங்கே விடுவது என்பதைப் பிளம்பர்கள் யோசிப்பதில்லை. கிட்டே எந்தக் குழி இருக்கிறதோ அதில் குழாயைச் சொருகிவிடுவார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம் என்பதால் பல வீடுகளில் அந்தக் குழி போர்வெல்லின் பக்கத்திலேயே இருக்கும். மாதம் 30 கிலோ உப்பை அதில் இறக்கினால் நம் கிணற்றை நாமே கரிக்கவைப்பதாகும். தென்னைக்கும் வாழைக்கும் விடக்கூடாது. சாக்கடை லைனுக்கே போகட்டும். மென்னீரையும் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம், சோடியம் மண்ணை இறுக்கும்.

குடிக்க? 100 பிபிஎம் கடினத்துக்கு லிட்டரில் 46 மில்லிகிராம் சோடியம் கூடும், 600-க்கு 276. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாயைப் பிரித்துவிடுங்கள், அல்லது மென்னீரை ஆர்ஓவுக்குள் விட்டுக் குடியுங்கள். ஆர்ஓ மெம்பிரேனில் சுண்ணாம்பு ஏறாது என்பது கூடுதல் லாபம். குளித்த பிறகு உடம்பு வழுவழுவென்று, சோப்புப் போகாததுபோல் இருப்பது கோளாறல்ல. இதுவரை போட்டதில் பாதிச் சோப்பு போதும் என்று அர்த்தம்.

குழாயில் மாட்டும் குட்டி சாஃப்ட்னர்களுக்கு ஒரு கணக்கே தீர்ப்பு. உள்ளே அரை லிட்டர் ரெசின் என்றாலும் அது பிடிப்பது 28 கிராம். 600 பிபிஎம் தண்ணீரில் 47 லிட்டரோடு முடிந்தது, மூன்று வாளி. ஷவர் ஃபில்டர்களில் பலவும் குளோரினுக்கானவை. கடினத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. காந்தம், குழாயில் சுற்றும் மின்கம்பி வகைகள் தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. முன்னும் பின்னும் கிட்டில் சோதித்தால் ஒரே சொட்டு எண்ணிக்கை வரும். வாஷிங் மெஷின் வாயில் மாட்டும் பாஸ்பேட் உருண்டை மட்டும் கொஞ்சம் வேறு: கடினத்தை எடுக்காது, ஆனால் படிவம் ஒட்டுவதைத் தாமதிக்கும், உருண்டை கரைந்து தீரும்வரை. தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த கால்சியத்தை அது தொடாது.

கடினத்தன்மை 200 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் சாஃப்ட்னர் வேண்டாம். கீசரை 55 டிகிரிக்கு மேல் வைக்காமல், குழாய் வாய்களுக்கு எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 50 கிராம் வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். ஆசிட் வேண்டாம், குரோமும் டைல் இடுக்குச் சிமென்டும் சேர்ந்து போகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் கிளம்பும் குளோரின் ஆளையே சாய்க்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் துணி துவைக்க மட்டும் ஒரு மலிவான வழி சலவைச் சோடா. 600 பிபிஎம் தண்ணீர் 20 லிட்டரில் 12 கிராம் கடினம் இருக்கும். அதற்குத் தூள் சோடா 13 கிராம், படிகச் சோடா என்றால் 34 கிராம். முதலில் இதைக் கரைத்து, தண்ணீர் வெளுத்துத் தெளிய 10 நிமிடம் விட்டு, அப்புறம் சோப்புத் தூளைப் போடுங்கள். பட்டு, கம்பளி, அலுமினிய வாளி இவற்றுக்கு ஆகாது.